அவே கோல் ரூல் எடுத்தாச்சுன்னு அப்பாவுக்கு எப்படிச் சொல்றது? இன்டர் - பார்சா பாத்துட்டு வந்து கேக்குறேன்

ஈசூன்_வாசி
7 மே 2025, காலை 10.12

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி சரியா தூங்கல, எழுத்து முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குங்க.

இன்னைக்கு நம்ம சிங்கப்பூர் நேரம் விடியக்காலை 3 மணிக்கு சாம்பியன்ஸ் லீக்ல இன்டர் மிலான் - பார்சிலோனா அரையிறுதி செகண்ட் லெக் (ஆளுக்கு ஒரு தடவ சொந்த ஊர்ல ஆடுற ரெண்டு மேட்சுல ரெண்டாவது), நானும் எங்கப்பாவும் ஹால்ல உக்காந்து பாத்தோம். அப்பாவுக்கு 68 வயசு, ஷிப்யார்டுல வேலை பாத்து ரிட்டையர் ஆனவரு, காற்பந்துன்னா உசுரு. அவருக்கு ஒரு பழக்கம், தோத்தா வெளிய போற நாக்கவுட் ஆரம்பிச்சதும் ஒரு 555 நோட்டு எடுத்து வச்சுக்குவாரு, அந்தக் காலத்துல மளிகைக்கடைல கடன் கணக்கு எழுதுன சின்ன நோட்டு இருக்குல்ல அதான். ஒரு ஜோடிக்கு ஒரு பக்கம். மேல ஃபர்ஸ்ட் லெக், கீழ செகண்ட் லெக், வெளியூர்ல போய் அடிச்ச கோலுக்கு (அதான் அவே கோல்) மட்டும் சிவப்புப் பேனாவால வட்டம், ஏன்னா ரெண்டு லெக்கும் கூட்டி சமமா வந்தா அவே கோல் ஜாஸ்தி வச்சிருக்குறவன் ஜெயிச்சான்னு ரூல் இருந்துச்சு.

மே தினத்தன்னைக்கு விடியக்காலைல ஃபர்ஸ்ட் லெக் பாத்தோமா, பார்சிலோனால 3-3, இன்டரோட துராம் முதல் நிமிசத்துலயே குதிகாலால தட்டி விட்டாரே அந்த மேட்ச். அப்பா இன்டரோட மூணுக்கு சிவப்பு வட்டம் போட்டு வச்சுட்டாரு. இன்னைக்கு மிலான்ல ஹாஃப் டைம் வரைக்கும் இன்டர் 2-0. அப்புறம் எரிக் கார்சியா ஒன்னு, ஓல்மோ ஒன்னு, 60ஆவது நிமிசத்துல 2-2 ஆயிப்போச்சு. அப்ப அப்பா பேனாவ மூடி வச்சுட்டு சொல்றாரு, "இப்படியே முடிஞ்சா இன்டர் ஃபைனல் போயிரும், அவனுக்கு அவே கோல் மூணு, இவனுக்கு ரெண்டு"ன்னு. நான், "இல்லப்பா, அந்த ரூல எடுத்துட்டாங்க, இப்படியே முடிஞ்சா எக்ஸ்ட்ரா டைம்"னு சொன்னேன். அவரு என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே. "அம்பது வருசத்துக்கு மேல இருக்குற ரூலு, எவன் எடுப்பான்? கமென்டரி ஒழுங்கா கேளு"ன்னாரு.

நானும் சும்மா இருந்திருக்கலாம். இருக்கல, வாக்குவாதம் வளந்துருச்சு. 87ஆவது நிமிசம் பார்சாவோட ரஃபீனியா அடிச்சு 3-2, ரெண்டு பேரும் வாய மூடிட்டோம். 93ஆவது நிமிசம் இன்டரோட அச்செர்பி, 37 வயசு, பின்னாடி நின்னு தடுக்குற சென்டர் பேக், என்னமோ ஸ்டிரைக்கர் மாதிரி பாக்ஸுக்குள்ள நின்னு மேல தூக்கி அடிச்சு 3-3! அப்பா எந்திரிச்சே நின்னுட்டாரு. ஆனா பாருங்க, மொத்தம் 6-6, அவே கோலும் ரெண்டு பேருக்கும் மூணு மூணு, அதனால அவரு கணக்குலயும் எக்ஸ்ட்ரா டைம், என் கணக்குலயும் எக்ஸ்ட்ரா டைம். வழக்கு தீரவே இல்ல. ஃப்ரட்டேசி 99ல அடிச்சு 4-3 ஆனப்புறம் திரும்பவும், "இப்ப பார்சா ஒன்னு போட்டா அவன்தான் உள்ள"ன்னு அவரு, "இல்ல பெனால்டி"ன்னு நானு. பார்சாவோட யமால் அடிச்சத இன்டர் கோலி சோமர் தட்டி விட்டுட்டாரு, 4-3லயே முடிஞ்சு போச்சு. யாரு சொன்னது சரின்னு காட்ட எனக்கு ஒன்னுமே இல்ல.

முடிஞ்சதும் அவரு பேசாம நோட்ட மூடி டிராயர்ல போட்டுட்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டாரு. நான் கலக்கி வச்ச கோப்பியக் கூட குடிக்கல. அதான் மனசு கஷ்டமா இருக்கு.

எனக்குத் தெரிய வேண்டியது இதான். அந்த ரூல எப்ப எடுத்தாங்க, ஏன் எடுத்தாங்க? எடுத்தது நாக்கவுட்டுக்கு நல்லதா கெட்டதா? அப்பாகிட்ட அவரு மனசு நோகாம எப்படிச் சொல்றது? போன்ல தேடிக் காட்டுனா "அதுல வர்றதெல்லாம் நம்பாத"ன்னு சொல்லிருவாரு.

பழைய_காலாங்
7 மே 2025, காலை 11.35

தம்பி, நீங்க சொன்னது சரிதான், ஆனா அப்பா மேல தப்பு இல்ல. விவரமா சொல்றேன்.

ரூல எடுக்குறதா ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் யூஈஎஃப்ஏ சொன்னது 2021 ஜூன் 24. 2021-22 சீசன்லேர்ந்து சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், கான்ஃபரன்ஸ் லீக் எதுலயும் கிடையாது. ரெண்டு லெக் கூட்டி சமமா இருந்தா நேரா 30 நிமிசம் கூடுதல் நேரம், அதுலயும் சமம்னா பெனால்டி. அவ்வளவுதான்.

ரூல் வந்தது 1965ல, கப் வின்னர்ஸ் கப்புல மொதல்ல கொண்டாந்தாங்க. எதுக்குக் கொண்டாந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான் எதுக்கு எடுத்தாங்கன்னு புரியும். அதுக்கு முந்தி ரெண்டு லெக்கும் சமமா முடிஞ்சா பொதுவான ஒரு ஊர்ல மூணாவது மேட்ச் ஆடணும், அதுவும் சமம்னா காசு சுண்டிப் பாக்குறது. அதே 1965 மார்ச்சுல லிவர்பூலும் ஜெர்மனியோட கோல்ன் கிளப்பும் ஐரோப்பியக் கோப்பை காலிறுதி, அங்க 0-0, இங்க 0-0, ராட்டர்டாம்ல மூணாவது மேட்ச் 2-2. அஞ்சு மணி நேரம் பந்து ஆடியும் முடிவு இல்ல. நடுவர் ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம் வெள்ளையா இருந்த வட்டத்தகடு ஒன்னத் தூக்கிப் போட்டாரு, அது திடல்ல சேத்துக்குள்ள செங்குத்தா குத்திக்கிட்டு நின்னுருச்சு! ரெண்டாந்தடவ போட்டுத்தான் லிவர்பூல் ஜெயிச்சுச்சு. ஒரு வருசம் பூரா ஆடி வந்தவன சேத்துல நிக்கிற தகட்ட வச்சு வீட்டுக்கு அனுப்புறதுன்னா எப்படி இருக்கும், நினைச்சுப் பாருங்க. அந்தக் கொடுமைக்கு அவே கோல் எவ்வளவோ மேல்.

இன்னொன்னு, அப்பல்லாம் வெளியூர் போறதுன்னா பெரிய பாடு. லைட் சரியா இருக்காது, திடல் எப்படி இருக்கும்னு போனாத்தான் தெரியும், எதிரி எப்படி ஆடுவான்னு பாத்துக்க வீடியோவும் கிடையாது. வெளியூர்க்காரன் பத்து பேர கோலுக்கு முன்னாடி நிறுத்திட்டு 0-0க்கு வேண்டிக்கிட்டு நிப்பான். "நீ முன்னாடி வந்து ஒன்னு அடி, அதுக்கு மதிப்பு ஜாஸ்தி"ன்னு ஆசை காட்டத்தான் இந்த ரூலே.

எடுக்குறப்ப அவங்களே ஒரு கணக்கு குடுத்தாங்க. 1970கள் நடுவுல சொந்த ஊர்ல ஆடுன டீம் 61 சதவீத மேட்ச் ஜெயிச்சுச்சு, இப்ப அது 47 சதவீதம். சொந்த ஊர்ல ஒரு மேட்சுக்கு சராசரி 2.02 கோல் அடிச்சது 1.58ஆ இறங்கிருச்சு, வெளியூர்ல 0.95 அடிச்சது 1.15ஆ ஏறிருச்சு. வெளியூர்ல அடிக்கிறது பழைய மாதிரி அதிசயம் இல்ல. அது மட்டுமில்ல, ரூல் தலைகீழா வேலை செய்ய ஆரம்பிச்சுருச்சு, சொந்த ஊர்ல ஃபர்ஸ்ட் லெக் ஆடுறவன் "ஒன்னு வாங்கிட்டா போச்சு"ன்னு பயந்து முன்னாடி வர்றதே இல்ல. வெளியூர்க்காரன் பயத்தப் போக்க வந்த ரூலு உள்ளூர்க்காரனுக்குப் பயத்தக் குடுத்துருச்சு. நான் ரூல எடுத்தது சரிங்கற கட்சி, அதுக்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

போதாதுன்னா 2003 அரையிறுதி. ஏசி மிலானும் இன்டரும், ரெண்டுக்கும் ஒரே திடல் சான் சீரோ. ஃபர்ஸ்ட் லெக் 0-0, செகண்ட் லெக் 1-1. செகண்ட் லெக்ல இன்டர்தான் உள்ளூர்னு பேரு, அதனால மிலான் அடிச்சது அவே கோல், மிலான் ஃபைனல் போயிருச்சு. பஸ்ஸே ஏறல, அதே திடல், அதே டிரெஸ்ஸிங் ரூம் பக்கம், அதுக்குப் பேரு வெளியூர்! இத அப்பாகிட்ட சொல்லுங்க, அவருக்கே நினைப்பு இருக்கும்.

ஆமா, அப்பாவுக்கு 68னா எனக்கு ரெண்டு வயசு மூத்தவரு. காலாங் பழைய ஸ்டேடியத்துக்கெல்லாம் வந்திருப்பாரே? இந்த ரூலு மேல அவருக்கு இவ்வளவு பிடிப்பு எப்ப வந்துச்சுன்னு கேட்டுப் பாத்தீங்களா?

ரெட்டெவில்_பிடோக்
7 மே 2025, மதியம் 1.20

பழைய_காலாங் அண்ணே சொன்ன வரலாறு அத்தனையும் சரி, ஆனா ரூல எடுத்தது நல்லதுன்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் மான்செஸ்டர் யுனைடெட் ஆளு. 2019 மார்ச், பாரிஸ்ல பிஎஸ்ஜி கிளப்போட செகண்ட் லெக். எங்க திடல் ஓல்ட் டிராஃபோர்டுல 0-2 தோத்துட்டுப் போறோம், பாதி டீமுக்குக் காயம், பெஞ்சுல பூரா சின்னப் பசங்க. இங்க விடியக்காலை 4 மணி, பிடோக்ல 24 மணி நேரப் பிராட்டா கடைல மொத்தம் நாலு பேரு உக்காந்திருந்தோம். லுகாகு ரெண்டு போட்டாரு, அவங்க ஒன்னு. 2-1. கூட்டிப் பாத்தா இன்னும் பின்னாடிதான், ஆனா "இன்னும் ஒன்னு, ஒன்னே ஒன்னு"ன்னு அந்தக் கடைல எல்லாருக்கும் தெரியும், ஏன்னா ஒன்னு போட்டா 3-3, அவே கோல்ல நாமதான். கடைசில விஏஆர் வீடியோ பாத்து ஹேண்ட்பால்னு பெனால்டி குடுத்தாங்க, 94ஆவது நிமிசம் ராஷ்ஃபோர்டு. மாவு பிசையற அண்ணன் கைல மாவோட ஓடி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சாரு, சட்டையெல்லாம் மாவு, அதோட வேலைக்குப் போனேன். இப்ப உள்ள ரூல்படி அந்தக் கோலுக்கு அர்த்தம் என்ன? இன்னும் அரை மணி நேரம் ஆடுங்கன்னு அர்த்தம். அந்த மேட்சு அப்படியா முடியணும்? ஒரே கோல்ல தோத்தவன் ஜெயிச்சவனாகுற அந்த நொடி இனிமே வராது, அதான் எனக்கு வருத்தம்.

ஆனா நேர்மையா ஒன்னு சொல்லணும். இந்த வருசம் நோன்புல லிவர்பூல் - பிஎஸ்ஜி செகண்ட் லெக் வந்துச்சுல்ல, மார்ச் 12 விடியக்காலை. ஹாஃப் டைம்ல சஹர் சாப்பிட்டேன், வீட்டுல முட்டையும் ரொட்டியும் வச்சிருந்தாங்க, ஒரு கண்ணு டிவில. பாரிஸ்ல லிவர்பூல் 1-0, லிவர்பூல் திடல் ஆன்ஃபீல்டுல பிஎஸ்ஜி 1-0. 90 நிமிசம் முடியறதும் சுபுஹு நேரம் வர்றதும் ஒன்னா வந்துச்சு, தொழுதுட்டு வந்து பாத்தா எக்ஸ்ட்ரா டைம் ஓடுது. பழைய ரூலா இருந்தா அதுல பிஎஸ்ஜி ஒன்னு போட்டிருந்தா லிவர்பூல் ரெண்டு போட வேண்டியிருக்கும். இப்ப ஒன்னுக்கு ஒன்னுதான், அதனால ரெண்டு பேருமே பயப்படாம கடைசி வரைக்கும் மேல வந்து ஆடுனாங்க. பெனால்டில பிஎஸ்ஜி கோலி டொன்னரும்மா ரெண்டு புடிச்சாரு, பிஎஸ்ஜி 4-1. லீக் ஃபேஸ்ல, அதான் ஆளுக்கு எட்டு மேட்ச் ஆடுற மொதக் கட்டத்துல, 36 டீம்ல மொதல்ல வந்த லிவர்பூல் வெளிய, 15ஆவதா வந்த பிஎஸ்ஜி உள்ள. நான் யுனைடெட் ஆளு, லிவர்பூல் தோத்ததுக்கு வருத்தப்பட மாட்டேன், ஆனா அந்த 120 நிமிசம் சுத்தமான பந்து, அத மறுக்க மாட்டேன்.

அதனால எனக்குத் தோணுறது, 90 நிமிசம் வரைக்கும் அவே கோல் இருக்கட்டும், எக்ஸ்ட்ரா டைம்ல மட்டும் வேணாம். 2021ல போர்ட்டோ - யுவென்டஸ் ஞாபகம் இருக்கா? யுவென்டஸ் ஊரு துரின்ல 115ஆவது நிமிசம் போர்ட்டோவோட ஒலிவெய்ரா ஃப்ரீகிக், செவுத்துக்குக் கீழ பூந்து போச்சு. யுவென்டஸ் திருப்பி ஒன்னு போட்டும் 4-4, அவே கோல்ல போர்ட்டோ. போர்ட்டோவுக்கு வெளியூர்ல அடிக்க 120 நிமிசம், யுவென்டஸுக்கு 90 நிமிசம்தான் கெடச்சுச்சு. அது அநியாயம். அத மட்டும் திருத்தியிருக்கலாம், அடியோட பிடுங்கியிருக்க வேணாம்.

அப்பா கோப்பி குடிக்காம போனத நினைச்சு மனசுல வச்சுக்காதீங்க. எங்க வாப்பாவும் இப்படித்தான், சாயந்திரம் அவரே வந்து பேசுவாரு.

நைட்ஷிஃப்ட்_அக்கா
7 மே 2025, மாலை 5.48

இப்பதான் தூங்கி எந்திரிச்சேன். நான் நர்ஸு, நைட் டூட்டி, அதனால இந்த மேட்சுங்க எதையும் நேரா பாக்க முடியாது, பிரேக்குல போன் எடுத்து ஸ்கோர் பாக்குறதோட சரி. ஸ்கோர மட்டும் பாக்குறவங்களுக்கு ஒரு விசயம் தெரியும், எண்ணுங்கள வச்சே மேட்ச் எப்படிப் போயிருக்கும்னு ஊகிச்சுக்குவோம். உங்கப்பா நோட்டு எனக்கு அதனாலதான் ரொம்பப் பிடிச்சிருக்கு.

உங்க மூணாவது கேள்விக்கு என் பதில். போனைக் காட்டாதீங்க தம்பி, நோட்டையே காட்டுங்க. ஒரு காலிப் பக்கத்துல 2022 அரையிறுதி ரியல் மட்ரிட் - மான்செஸ்டர் சிட்டிய எழுதச் சொல்லுங்க. ஃபர்ஸ்ட் லெக் மான்செஸ்டர்ல சிட்டி 4, ரியல் 3. ரியலோட மூணுக்கு சிவப்பு வட்டம். செகண்ட் லெக் மட்ரிட்ல 90 நிமிசத்துக்கு ரியல் 2, சிட்டி 1, அதான் ரோட்ரிகோ 90லயும் 91லயும் அடுத்தடுத்து போட்டது. மொத்தம் 5-5. சிட்டியோட ஒன்னுக்கு ஒரு வட்டம். இப்ப அப்பாவையே கேளுங்க, "உங்க கணக்குப்படி யாரு உள்ள?"ன்னு. மூணு வட்டம் வச்சிருக்குற ரியல்னு சொல்லுவாரு. அப்படின்னா அன்னைக்கு எக்ஸ்ட்ரா டைம் ஏன் ஆடுனாங்க, பென்ஸெமா பெனால்டி எப்ப அடிச்சாரு? 95ஆவது நிமிசம், எக்ஸ்ட்ரா டைம்ல. ரூல் இருந்திருந்தா அந்தப் பெனால்டியே கிடையாது. நீங்க ஒன்னுமே சொல்ல வேணாம், அவரு பேனாவே சொல்லிரும்.

வார்டுல வயசானவங்ககிட்ட நான் கத்துக்கிட்டது இது, புதுசா ஒரு மருந்து மாத்துனா "பழசு தப்பு"ன்னு சொன்னா வாங்க மாட்டாங்க, அவங்களே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டா ஒத்துக்குவாங்க.

ஒன்னு கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரூல் போயி நாலு சீசன் ஆகுது, இவ்வளவு கவனமா பாக்குறவருக்கு இது எப்படித் தெரியாமப் போச்சு?

கன்னர்_தோபாயோ
7 மே 2025, இரவு 9.05

இன்னைக்கு ராத்திரி எங்க டீம் ஆர்சனல் ஆடுது, தூக்கம் வராது, அதனால நானும் எழுதுறேன். அவே கோல விடுங்க, அத எடுத்ததால வேற ஒரு பிரச்சினை பெருசாயிருச்சு, அத யாரும் பேசல. செகண்ட் லெக் யாரு ஊர்ல?

முந்தி எக்ஸ்ட்ரா டைம்ல வெளியூர்க்காரனுக்கு ஒரு பலம் இருந்துச்சு, ஒன்னு போட்டா எதிரி ரெண்டு போடணும். அத எடுத்தப்புறம் கூடுதல் 30 நிமிசமும் பெனால்டியும் எவன் ஊர்ல நடக்குதோ அவனுக்கு முழு லாபம், கூட்டம் அவனோடது. அப்ப யாருக்கு செகண்ட் லெக் சொந்த ஊர்ங்கறது சம்பாதிச்சு வாங்குற உரிமையா இருக்கணும். இந்த 2024-25 சீசன்ல ரவுண்ட் ஆஃப் 16 (16 டீம் ஆடுற சுற்று) வரைக்கும் அப்படித்தான் வச்சிருக்காங்க, லீக் ஃபேஸ்ல மேல வந்தவனுக்கு செகண்ட் லெக் வீட்டுல. காலிறுதி, அரையிறுதிக்கு மட்டும் குலுக்கல்! பார்சா 2ஆவது, இன்டர் 4ஆவது, செகண்ட் லெக் மிலான்ல. நாங்க 3ஆவது, பிஎஸ்ஜி 15ஆவது, செகண்ட் லெக் பாரிஸ்ல. எட்டு மேட்ச் ஆடி வாங்குன எடத்துக்கு அரையிறுதில என்ன மதிப்பு? இன்னைக்கு விடியக்காலை அந்த எக்ஸ்ட்ரா டைம் மிலான்ல நடக்காம பார்சிலோனால நடந்திருந்தா யமாலுக்கு அந்த ஷாட் எப்படிப் போயிருக்கும்னு யாருக்குத் தெரியும்.

ஃபர்ஸ்ட் லெக் எங்க எமிரேட்ஸ் திடல்ல நாலாவது நிமிசமே பிஎஸ்ஜியோட டெம்பேலே போட்டு 0-1. மட்ரிட்ட மூணு - சைபர் அடிச்ச அதே திடல், டெக்லன் ரைஸ் ரெண்டு ஃப்ரீகிக் போட்ட அதே திடல். இன்னைக்கு பாரிஸ்ல போய் திருப்பணும். நம்பிக்கை இருக்கு. நாளைக்கு லீவு போட்டுட்டேன்.

ஈசூன்_வாசி
8 மே 2025, மதியம் 12.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிறைய நடந்துருச்சு, ஒன்னொன்னா சொல்றேன்.

மொதல்ல நர்ஸ் அக்கா கேட்டதுக்கு. தப்பா எடுத்துக்கல அக்கா. எங்கம்மா 2021ல தவறிட்டாங்க. அம்மாவுக்கு பந்து புரியாது, ஆனா அப்பா முழிச்சிருந்தா அவங்களும் முழிச்சிருப்பாங்க, ஹாஃப் டைம்ல தே போட்டுக் குடுத்துட்டு அப்படியே சோபால சாஞ்சு தூங்கிருவாங்க. அவங்க போனப்புறம் அப்பா டிவியே போடல. நாலு சீசன். இந்த வருசம்தான் நான் கூட உக்காந்து மெல்ல மெல்ல பழக்கி விட்டேன். நீங்க கேட்டப்புறம்தான் எனக்கே உறைச்சுச்சு, அவரு நின்ன எடத்துலேர்ந்துதான தொடங்குவாரு, அவரு நோட்டுல அந்த ரூல் இன்னமும் இருக்கத்தான செய்யும். நான் பாட்டுக்கு "எடுத்துட்டாங்கப்பா"ன்னு படக்குன்னு சொல்லிட்டேன்.

நேத்து சாயந்திரம் அவரே வந்து பேசுனாரு, ரெட்டெவில் பாய் சொன்ன மாதிரியே. நான் வழக்கத் திறக்கல, பழைய_காலாங் அண்ணன் கேக்கச் சொன்னதக் கேட்டேன். "உங்களுக்கு இந்த ரூலு மொதமொத எப்படிப்பா தெரியும்?"

கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம் சொன்னாரு பாருங்க, நான் இத்தனை வருசத்துல கேக்காத கதை.

1983. ஃபாண்டி அகமது ஹாலந்துல குரோனிங்கனுக்கு ஆடப் போயிருந்த நேரம். அப்பாவுக்கு 26 வயசு, ஷிப்யார்டுல வெல்டிங். யூஈஎஃப்ஏ கப்புல குரோனிங்கனுக்கு எதிரா வந்தது யாரு தெரியுமா, இன்டர் மிலான்! ஃபர்ஸ்ட் லெக் குரோனிங்கன்ல 2-0, அதுல ஒன்னு ஃபாண்டி போட்டது. நம்ம ஊர்ப் பையன் இன்டர் மிலானுக்கு எதிரா கோல் போட்டிருக்கான், யார்டு பூரா அதே பேச்சாம், மலாய்க்காரங்க, சீனவங்க, நம்மாளுங்க எல்லாரும் ஒரே பேப்பரச் சுத்தி நின்னு படிச்சாங்களாம். அப்பதான் இவரோட சூப்பர்வைசர் ஒருத்தரு, சாக்பீஸ எடுத்து இரும்புத் தகட்டு மேல எழுதிக் காட்டியிருக்காரு, செகண்ட் லெக்ல குரோனிங்கன் அங்க போய் ஒரே ஒரு கோல் போட்டா போதும், இன்டர் மூணு போட்டாலும் நாமதான்னு. அந்த ஒத்தக் கோல சுத்தி சாக்பீஸால ஒரு வட்டம் போட்டாராம்.

குரோனிங்கன் அந்த ஒரு கோலப் போடவும் செஞ்சாங்க. ஆனா இன்டர் போட்டது மூணு இல்ல, அஞ்சு. 5-1. மொத்தம் 5-3. "மூணோட நின்னிருந்தா ஃபாண்டி உள்ளடா"ன்னு நேத்து நடந்த மாதிரி சொல்றாரு, கை அந்தத் தகட்டுல எழுதுற மாதிரியே காத்துல போகுது. அந்த வட்டம்தான் அவரு நோட்டுல நாப்பது வருசமா வருது. எனக்கு இது தெரியாம நான் அவருகிட்ட ரூல் புக்கு பேசிக்கிட்டிருந்திருக்கேன்.

அப்புறம் அக்கா சொன்ன மாதிரி ரியல் - சிட்டிய எழுதச் சொன்னேன். வட்டம் போட்டாரு, எண்ணுனாரு, "ரியல் உள்ள"ன்னாரு. அப்புறம் அவரே, "இல்லையே, இதுல எக்ஸ்ட்ரா டைம் ஆடுனான்னு உன் மாமன் போன்ல சொன்னானே"ன்னு நிறுத்துனாரு. மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு திரும்ப எண்ணுனாரு. "அப்ப எடுத்துட்டானுங்கதான்" அப்படின்னாரு. அவ்வளவுதான். கோவம் இல்ல. 2003 மிலான் கதைய நான் சொல்ல ஆரம்பிச்சதும் அவரே முடிச்சாரு, அந்த மேட்சுல மிலானோட ஷெவ்சென்கோ போட்டது வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காரு.

இன்னைக்கு விடியக்காலை பிஎஸ்ஜி - ஆர்சனலும் பாத்தோம். ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி நோட்டத் திறந்து அவரே கணக்குப் போட்டாரு. "ஆர்சனல் 2-1 ஜெயிச்சா மொத்தம் 2-2, முந்தியா இருந்தா ஆர்சனலுக்கு வட்டம் ரெண்டு, அவன் ஃபைனல். இப்ப எக்ஸ்ட்ரா டைம், அதுவும் பாரிஸ்ல." கன்னர் அண்ணே, நீங்க சொன்ன அதே விசயத்த உங்க போஸ்ட்ட பாக்காமலே சொன்னாரு. ஆர்சனல் மொத அரை மணி நேரம் நல்லாத்தான் ஆடுச்சு, ஒடெகார்டு அடிச்சத டொன்னரும்மா பாஞ்சு ஒத்தக் கையால தட்டி விட்டாரு பாருங்க, அப்பா "கை இல்லடா அது கதவு"ன்னாரு. அப்புறம் ஃபாபியன் ரூயிஸ், ஹக்கிமி. சாக்கா ஒன்னு திருப்புனாரு. 2-1, மொத்தம் 3-1.

சாக்கா போட்டதும் அப்பா கை சிவப்புப் பேனாவுக்குப் போச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். பேனாவ வச்சுட்டு பென்சில எடுத்து லேசா ஒரு வட்டம் போட்டாரு. "கணக்குக்கு இல்ல, தெரிஞ்சுக்க"ன்னாரு.

இன்னைக்கு கோப்பி ரெண்டு கிளாஸ் குடிச்சாரு.

கன்னர்_தோபாயோ
8 மே 2025, மதியம் 1.15

மனசு சரியில்ல, அதிகம் எழுத முடியல. மார்ட்டினெல்லிக்கு ஆரம்பத்துல கெடச்ச சான்ஸு மட்டும் உள்ள போயிருந்தா ஆட்டமே வேற. ஆனா தோத்தது செகண்ட் லெக் எங்க நடந்துச்சுங்கறதால இல்ல, ரெண்டு லெக்லயும் அவங்க நல்லா ஆடுனாங்க, டொன்னரும்மாவ ரெண்டு லெக்லயும் சேத்து ஒரே ஒரு தடவதான் தாண்ட முடிஞ்சுச்சு. குலுக்கல் விசயத்துல நான் சொன்னதுல மாத்தம் இல்ல, அத மாத்தணும்.

அப்பாவோட ஃபாண்டி கதைய ரெண்டு தடவ படிச்சேன்.

பழைய_காலாங்
8 மே 2025, மாலை 4.02

தம்பி, நான் நேத்து கேட்டது அதுக்குத்தான். 1983ல நான் என்எஸ் (தேசிய சேவை) முடிச்சு வேலைக்குச் சேந்த புதுசு. அந்த 2-0 செய்திய ரேடியோல கேட்டது இன்னமும் காதுல இருக்கு. 5-1 வந்த அன்னைக்கு எங்க புளோக் கீழ கோப்பிக்கடைல யாரும் பேசல. உங்கப்பா சொன்ன "மூணோட நின்னிருந்தா" அந்த வார்த்தைய நானும் சொன்னவன். ரூல எடுத்தது சரின்னுதான் இப்பவும் சொல்றேன், ஆனா அந்த ரெண்டு வாரம் அது குடுத்த நம்பிக்கை பொய்யில்ல.

உங்கப்பாவுக்கு ஒன்னு சொல்லுங்க. நம்ம ஊர் கிளப் லயன் சிட்டி செய்லர்ஸ் ஆசிய கிளப் போட்டியான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூ ஃபைனலுக்கு வந்திருக்காங்க, இந்த மாசம் 18ஆம் தேதி பீஷான் ஸ்டேடியத்துல, ஷார்ஜாவோட. அரையிறுதில சிட்னி எஃப்சிய இங்க 2-0, அங்க போய் 0-1, மொத்தம் 2-1. அதுவும் ரெண்டு லெக்தான், அவரு நோட்டுல ஒரு பக்கம் எழுதிக்கலாம். விடியக்காலை முழிக்க வேண்டாம், நம்ம ஊர் நேரம். டிக்கெட் சீக்கிரம் பாருங்க, சின்ன ஸ்டேடியம்.

ஈசூன்_வாசி
8 மே 2025, இரவு 8.47

சொன்னேன் அண்ணே. "பீஷானா? பஸ்ஸுலயே போயிரலாமே"ன்னு உடனே எந்திரிச்சுட்டாரு. டிக்கெட் பாத்துக்கிட்டிருக்கேன்.

சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் இன்டர் - பிஎஸ்ஜி மியூனிக்ல, நமக்கு ஜூன் 1 ஞாயித்துக்கிழமை விடியக்காலை 3 மணி. பொது ஊரு, ஒரே மேட்ச். அப்பா அதுக்கு இப்பவே நோட்டுல பக்கம் ஒதுக்கி நடுவுல ஒரே ஒரு கோடு போட்டு வச்சிருக்காரு. யாரு ஜெயிக்கணும்னு கேட்டேன். "இன்டர் தோக்கணும்"னு பட்டுனு சொல்லிட்டாரு, 1983 கணக்கு இன்னும் பாக்கி இருக்காம்.

ரெட்டெவில் பாய், அந்தப் பிராட்டா கடை இன்னும் இருக்கா? ஃபைனல் அன்னைக்கு அங்க போடுவாங்கன்னா சொல்லுங்க, அப்பாவ கூட்டிட்டு வரேன்.

ரெட்டெவில்_பிடோக்
8 மே 2025, இரவு 10.20

இருக்கு பாய், அதே மாவு அண்ணன்தான் இன்னமும். ரெண்டரைக்கு வந்துருங்க, டிவிக்கு நேரா இருக்குற மேசைய பிடிச்சு வைக்கிறேன். அப்பாவ நோட்டையும் கொண்டு வரச் சொல்லுங்க, எனக்கு 2019 பாரிஸ் பக்கத்தப் பாக்கணும்.